சொந்தக்காரர் இல்லாத நகரம்

இல்லை, ஒருவரும் சாப்பிடவில்லை.

உங்கள் ஆண்டு நினைவுப் பூசைக்குக் கோயிலுக்கு வந்தவர்கள் வெறும் வயிற்றோடு திரும்பிப் போனார்கள். எங்கள் வீட்டு வாசல்வரை வந்து, பூட்டிய கதவைப் பார்த்து, மணியை அழுத்தி, மறுபடி அழுத்தி. நீங்கள் முதலில் கேட்பது இதைத்தான் என்று தெரியும். அதனால் முதலில் சொல்லிவிட்டேன், அப்பா.

பின்சந்தில் போர்த்துக்கேயக் கிழவர் கரி மூட்டியிருக்கிறார். சாளை மீன் வாட்டுகிறார். எங்கள் வில்லரேப் பகுதியில் ஜூன் மாதம் இப்படித்தான். அந்த மணம் வந்ததும் நீங்கள் யன்னலை அறைந்து சாத்துவீர்கள். எங்கள் வீட்டுக் கறி மணத்துக்கு அவர் ஒருநாளும் சாத்தியதில்லை. இன்று திறந்தே வைத்திருக்கிறேன். இரண்டு கிழமைக்கு முன் இதே புகைக்குள் அம்மாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். லிஸ்பனில்.

சொல்கிறேன். எங்கே சாப்பிட்டோம், என்ன குடித்தோம், எல்லாம். நீங்கள் கேட்டே ஆகவேண்டும்.

அதற்கு முன் பாரிஸ்.

எனக்கு அப்போது பத்தொன்பது. பல்கலைக்கழகத்தில் முதல் வருடம். நாங்கள் மூவரும் சேர்ந்து போன ஒரே விடுமுறை. புத்தகக் கடையில் ஒரு வழிகாட்டி வாங்கியிருந்தேன். அதில் எங்கே உண்பது, எங்கே பருகுவது என்று நீளமான ஓர் அத்தியாயம். விமானத்தில் அம்மாவுக்கு அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தனக்கு ஒன்று போதும் என்றார். தெருவைப் பார்த்தபடி ஒரு கதிரை. ஒரு கோப்பி. அதை வேறு யாராவது கொண்டுவந்து வைக்கவேண்டும்.

உங்கள் பாரிஸ் வேறு. அதில் தெருக்கள் இல்லை, வீடுகள் மட்டும். உங்கள் பெரியப்பாவின் மகன் வீடு, அவருடைய மைத்துனர் வீடு, எங்கள் ஊர் பாஷையூரில் உங்களோடு படித்தவரின் வீடு. ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டு அடுத்த வீட்டில் நனைக்காமல் வந்தால் அது தலைமுறைக்கும் நின்று பேசும். இரண்டாம் நாள் மூன்று மதியச் சாப்பாடு. மூன்றிலும் ஆட்டுக்கறி, கணவாய், பிட்டு. முதல் வீட்டிலேயே வயிறு முட்டச் சாப்பிட்ட நீங்கள், மூன்றாம் வீட்டில் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு செற்றியில் சாய்ந்து முனகினீர்கள். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

குசினிக்குள் இருந்த அம்மாவுக்கு அந்தச் சிரிப்பு மட்டும் கேட்டிருக்கும்.

வீட்டுக்காரி நின்று சமைக்கும்போது வந்த பெண் உட்கார்ந்திருக்க முடியாது. யாரும் அதைச் சொல்வதில்லை. சப்பாத்தைக் கழற்றியதும் அம்மா நேரே உள்ளே போவார். வெங்காயம் உரிப்பார். பிட்டுக்கு மா குழைப்பார். சாப்பாடு முடிந்ததும் சட்டி தேய்ப்பார். பாரிசில் அம்மா பார்த்தவை குசினிகள். என் வழிகாட்டிப் புத்தகத்தை ஒரு வீட்டில் சூடான சட்டிக்குக் கீழே வைத்துவிட்டார்கள். அந்த அத்தியாயம் இருக்கும் பக்கம்வரை வட்டமாகப் பழுப்பேறியிருக்கிறது. இன்னும் வைத்திருக்கிறேன்.

கடைசி நாள். வட பாரிசில் ஒரு தெருமூலைக் கோப்பிக் கடை. பிரம்புக் கதிரைகள், வட்ட மேசைகள். அம்மா நின்றார். ஒரு கதிரையின் முதுகில் கை வைத்தார். அவ்வளவுதான். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்.

"உதில குந்தி என்னத்தைப் பாக்கப்போறாய்? அங்க தம்பியவை சோத்தைப் போட்டுவைச்சுப் பாத்துக்கொண்டிருப்பினம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் மோசம். அம்மா கையை எடுத்தார்.

செத்தவீட்டில் உங்களைப் புகழ்ந்தவர்கள் ஒருவரும் பொய் சொல்லவில்லை. இங்கே புதிதாக வந்திறங்கியவர்களை, பனிக்குச் சப்பாத்து இல்லாதவர்களை, மெத்ரோ ரயில் வாசலில் திசை தெரியாமல் நின்றவர்களை நீங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தீர்கள். அவர்களுக்கு அந்தச் சோறு தேவைப்பட்டது. எனக்கு அது தெரியும். ஆனால் வீடும் வேலையும் கிடைத்து, புறநகர் லவாலில் இரண்டு கார் விடும் நிலைக்கு வந்தபிறகும் ஞாயிறு பூசை முடிய அதே ஆட்கள் வந்தார்கள். அம்மா கிழமை முழுக்கத் தையல் தொழிற்சாலையில் நின்றுவிட்டு ஞாயிறும் நின்றார். அவர்களுக்காக நீங்கள் எங்களையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்குப் போய், ஊருக்கே சமைக்கிற அந்தப் பெரிய அலுமினியக் கிடாரத்தை வாங்கினீர்கள். ஞாபகம் இருக்கிறதா? காரில் கிடாரத்துக்கு இடம் இருந்தது. அம்மாவும் நானும் பஸ்சில் வந்தோம்.

"எல்லாரும் சாப்பிட்டாச்சோ?"

மேசைத் தலையில் நின்று கேட்பீர்கள். அம்மாவைப் பார்த்துத்தான் கேட்பீர்கள். அம்மாவைப் பற்றிக் கேட்டதில்லை. அம்மா ஓம் என்பார். கடைசிக் கார் போனபிறகு அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடி சட்டியிலிருந்து சாப்பிடுவார்.

உங்கள் செத்தவீட்டில் பங்குச் சுவாமியார் சொன்னார், இவர் வீட்டில் அடுப்பு அணைந்ததில்லை என்று. மாமி, உங்கள் அக்கா, விம்மி அழுதார். ஆனால் அப்பா, அந்த மூன்று நாளும் எங்கள் அடுப்பு அணைந்துதான் கிடந்தது. செத்தவீட்டில் உலை வைப்பதில்லை அல்லவா. ஊர் முழுக்கச் சாப்பாடு கொண்டுவந்தது. அம்மாவை இருத்திவைத்து, கோப்பையைக் கையில் கொடுத்து, குழம்பு ஊற்றினார்கள். அம்மா மெதுவாக, ஒவ்வொரு கறியாக, ருசி பார்த்துச் சாப்பிட்டார். சனம் அதைத் துக்கம் என்று நினைத்தது.

முப்பத்தோராம் நாள் நினைவுக்குக் கிடாரம் மறுபடி அடுப்பில் ஏறியது. அதைக் கழுவிக் கவிழ்த்தபிறகு அம்மா ஈரக்கையோடு சொன்னார்: "அந்த மூண்டு நாளும் எனக்கு நல்லா இருந்தது பிள்ளை."

நான் வேலைக்குச் சேர்ந்து முதல் விடுமுறை கிடைத்தபோது, ஐரோப்பாவில் ஒரு நகரத்தைச் சொல்லுங்கள், போவோம் என்றேன். அம்மா யோசிக்கவே இல்லை.

"எங்கட ஆக்கள் இல்லாத ஊர் ஒண்டு இருக்கோ?"

தேடினோம். இலண்டன், சூரிச், ஒஸ்லோ, டோட்முண்ட், எல்லாவற்றிலும் உங்கள் இரத்தம். ரோமில்கூட உங்கள் ஒன்றுவிட்ட தம்பி ஒரு மடத்தில் சமையல். மிஞ்சியது லிஸ்பன். எங்கள் முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர்களின் ஊர். அங்கே வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கோ என்று மறிக்க ஒரு குருவி இல்லை.

மலிவான விமான ரிக்கற் உங்கள் ஆண்டு விழுகிற கிழமைக்கு இருந்தது. அதைச் சொல்லி, வேறு கிழமை பார்க்கிறேன் என்றேன். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"அந்தக் கிழமைக்கே போடு."

"அண்டைக்குத்தான் அப்பான்ர ஆண்டு, அம்மா."

"தெரியும்."

தண்ணீரை வடித்தார். மறுநாள் கோயிலுக்குப் போய் உங்கள் பெயரில் பூசைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அதில் குறை வைக்கவில்லை. ஞாயிறு அறிவித்தலில் பெயரும் வாசித்தார்கள். பூசை முடிய வீட்டில் சாப்பாடு என்று யாரும் சொல்வதில்லை. யாரும் கேட்பதுமில்லை. சனத்துக்குத் தெரியும்.

முதல் காலை, மலைச்சரிவில் ஒரு கோப்பிக் கடை. உள்ளூர்க்காரர் உள்ளே நின்றபடி ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போகிறார்கள். அம்மா நிற்க மறுத்தார். வெளியே, தெருவைப் பார்த்த கதிரை. சின்னக் கோப்பையில் தார்போன்ற கோப்பி. முட்டையும் பாலும் சேர்த்து மேலே கருகச் சுட்ட உள்ளங்கை அளவுப் பலகாரம், அதன்மேல் கறுவாப்பட்டைத் தூள். பணியாள் கொண்டுவந்து வைத்தார். அம்மா அதைத் தொடாமல் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடித்தார். முடிந்ததும் கோப்பைகளை அடுக்கி, கடுதாசியால் மேசையைத் துடைத்து, தூக்கிக்கொண்டு எழும்பினார். பணியாள் ஓடிவந்து வாங்கினார். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

இரண்டாம் நாள் அடுக்கினார். தூக்கவில்லை.

அன்று மாலை ஒரு பொந்துபோன்ற கடையில் செர்ரிப்பழச் சாராயம். சின்னக் கிளாஸ், அடியில் பழம். இருமல் மருந்து மாதிரிக் கிடக்கு என்றார். இன்னொன்று கேட்டார். இரவு, உப்பிட்டு உலர்த்திய மீனை உருளைக்கிழங்கோடு வேகவைத்துத் தந்தார்கள். எங்கட கருவாடுதான், கன நேரம் ஊறவிட்டுக் கெடுத்துப்போட்டினம் என்றார். தட்டில் ஒன்றும் மிச்சமில்லை. உங்கள் அக்காவின் சமையலைப் பற்றி எனக்குத் தெரியாத பல விடயங்களும் அந்த மேசையில் வெளியே வந்தன. அவற்றை இங்கே எழுதமாட்டேன். அவை எங்களுடையவை.

மூன்றாம் நாள் உங்கள் நாள். பழைய பகுதியில் ஓர் ஒடுங்கிய ஒழுங்கை. வாசலில் கரி அடுப்பு, கம்பிமேல் சாளை, கல் உப்பு. அம்மா கையால் சாப்பிட்டார். பக்கத்து மேசையில் அந்த ஊர்க்காரரும் கையால்தான் சாப்பிட்டார்கள். பச்சை வைன் என்ற இளம் வைன், குளிரக் குளிர. ரொட்டிக்கு அம்மா எங்கள் வழக்கப்படி பாண் என்றார்; அவர்களுக்கும் ஏறக்குறைய அதே சொல், பாண் வந்தது. அங்கே பின்னேரம், இங்கே பூசை முடிகிற நேரம். என் தொலைபேசி அடித்தது. மாமி.

"எங்க பிள்ளை நிக்கிறியள்? சனமெல்லாம் உங்கட வாசலில நிக்குது. சுவாமியும் வந்து நிக்கிறார். கதவு பூட்டிக்கிடக்கு."

நான் வாய் திறக்கமுன் அம்மா கையை நீட்டினார். மற்றக் கையிலிருந்த முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"மச்சாள், நாங்கள் போர்த்துக்கல்லில நிக்கிறம். சமையல் இல்லை. எல்லாரும் சாப்பிட்டாச்சோ எண்டு அவர் வந்து கேட்டா, இல்லையெண்டு சொல்லுங்கோ."

மாமியின் குரல் எனக்கே கேட்டது. "உனக்கென்ன விசரே?"

"ஓம், கொஞ்சம். பேந்து கதைக்கிறன். மீன் ஆறுது."

தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு அடுத்த மீனைப் பிட்டார். சனத்துக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"என்னட்ட ஒரு சொல் கேட்டவையோ?"

உங்களையும் சேர்த்துத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன். எழும்பும்போது தட்டுகள் கிடந்தபடி கிடந்தன. முள்ளும் தலையும் எண்ணெய்க் கடுதாசியும். அம்மா திரும்பிப் பார்க்காமல் நடந்தார். நான் மட்டும் ஒரு கணம் நின்று அந்த மேசையைப் பார்த்தேன். இவ்வளவு அழகான குப்பையை நான் கண்டதில்லை.

உங்களை மன்னிப்பதற்காக இதை எழுதவில்லை. சுவாமியார் மன்னிப்பார், அது அவர் தொழில். மாமி எங்களோடு கதைப்பதில்லை. கோயிலில் எங்கள் வரிசையில் இருந்த சிலர் எழும்பி வேறு வாங்குக்கு மாறி இருக்கிறார்கள். நாங்கள் திரும்பி வந்த ஞாயிறு வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. அம்மா பதினொரு மணிவரை படுத்திருந்தார்.

ஒன்று மட்டும் உங்களிடமிருந்து என்னோடு வந்துவிட்டது. எந்த மேசையிலும், எந்த ஊரிலும், மற்றவர் தட்டைப் பார்க்காமல் என் கை சோற்றில் இறங்குவதில்லை. எவ்வளவோ முயன்றும் போகவில்லை. சரி, இருக்கட்டும். சாப்பிட்டாச்சோ என்ற அந்தக் கேள்வியை நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் அதை அம்மா ஒருவரிடம்தான் கேட்கிறேன், அவர் உட்கார்ந்து சாப்பிட்டு முடிக்கும்வரை.

இன்று காலை கிடாரத்தை நிலவறையிலிருந்து தூக்கிவந்து, குப்பைக்காரர் வருவதற்கு முன் தெருவோரம் கவிழ்த்து வைத்தேன். பிறகு வேலைக்குப் போனேன்.