நத்தாருக்கு மறுநாள் வைத்த ஆட்டம்

மச்சான், என் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். ஒரு வரி கூரையில் ஏறுகிறது, அடுத்தது கிணற்றில் இறங்குகிறது. ஆனாலும் இது என் கை! டெனிஸ் நாட்டு அகதி முகாமில் இருந்து என் மனைவிக்குப் போன கடிதமெல்லாம் நீ எழுதித் தந்தவை. இந்த வயதில் மகளிடம் எழுத்துப் பழகி, முதல் கடிதத்தை உனக்கே எழுதுகிறேன். நீ போய்ச் சேர்ந்த பிறகு எழுதுகிறேன் என்பதுதான் குறை.

இன்று பிராண்டேயில் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள மைதானத்தில் இந்த வருடத்தின் முதல் புல் வெட்டினார்கள். யன்னலைத் திறந்ததும் அந்தப் பச்சை மணம். உடனே உன் நினைவு.

எண்பத்தைந்தாம் ஆண்டு. முகாமில் சமைக்க விடமாட்டார்கள், வேலைக்கும் விடமாட்டார்கள். தஞ்சம் கிடைக்குமா என்ற பதிலுக்குக் காத்துக் கிடப்பதுதான் வேலை. அதற்குள் நான்கு அணி பிரித்துப் பந்தடித்தோம். எல்லோரும் எல்லோருடனும் ஆடி முடிந்தபோது என் அணி புள்ளியில் முதலாவது, உன்னுடையது இரண்டாவது. வெற்றிக் கிண்ணம் எங்களுக்கே என்றேன். நீ விடவில்லை. முதல் இரண்டு அணியும் கடைசி ஆட்டம் ஆடித்தான் தீரவேண்டும் என்று சாப்பாட்டு மண்டபத்தில் எழும்பி நின்றாய்.

"ஒரு நாள் விசாரணையில என்ர முழுச் சீவியத்தையும் தீர்க்கப்போறாங்கள். பந்திலயும் அப்பிடியோ?" என்று கேட்டேன்.

"அது அவங்கட கையில. இதாவது எங்கட கையில இருக்கட்டும். புள்ளியைக் காட்டிக் கிண்ணம் கேக்கிறாய், விளையாடப் பயமோ?"

மண்டபமே சிரித்தது. எல்லோரும் உன் பக்கம் கை தூக்கினார்கள். நாளையும் நீயே குறித்தாய்: டிசம்பர் இருபத்தாறு, நத்தாருக்கு மறுநாள். மன்னாரில் நம் கோயில் கிண்ணத்துக்கு என்றைக்கும் அந்த நாள்தானே. ஒருவருக்கும் வேறு யோசனை வரவில்லை. பனி விழாததால் தைரியமாக, அரைக் காற்சட்டையும் பந்தடிக்கும் சப்பாத்துமாகப் போனோம். மைதானத்து வாசல் பூட்டிக் கிடந்தது. நிலம் குளிரில் கல்லாக இறுகியிருந்தது, கோல் கம்பங்களையே கழற்றிவிட்டார்கள். மைதானம் பார்க்கும் டெனிஸ்காரர் எங்கள் முழங்கால்களைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, புல் முளைத்த பிறகு வாருங்கள் என்று கையால் காட்டினார்.

பிறகு பனி விழுந்தது. யன்னலுக்கு வெளியே வெள்ளை, உள்ளே நாங்கள். ஒவ்வொருவராகப் பதில் கிடைத்துப் போனார்கள். உனக்கும் கிடைத்தது, ஹொல்ஸ்டெப்ரோ ஊருக்குப் போனாய். எனக்கு வரவில்லை. கட்டில், சுவர், சாப்பாட்டு மணி.

புல் வளர்ந்ததும் பஸ் ஏறிச் சப்பாத்தோடு வந்தாய். இரண்டு அணியிலும் அங்கே மிஞ்சியவன் நான் ஒருவன்தான்.

"சரி மச்சான், புள்ளிதான் பெரிசு. நீதான் சம்பியன்" என்று கை நீட்டினாய். மாதக்கணக்கில் நான் கேட்டுச் சண்டை பிடித்த வார்த்தை.

நான் கை கொடுக்கவில்லை. "கடைசி ஆட்டம் கிடக்கு. ஆக்களைச் சேர்த்துக்கொண்டு திரும்பி வா."

என் முகத்தைப் பார்த்தாய். அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றாய். எனக்குப் பதில் வரும்வரை ஞாயிறுதோறும் வந்தாய், இந்த முறையும் ஆள் சேரவில்லை என்று பொய்யாக அலுத்துக்கொண்டு.

அந்த ஆட்டம் ஆடப்படவேயில்லை. கிண்ணமும் எனக்கு வேண்டாம். ஞாயிறு வரும் என்று கிழமை நாட்களைத் தள்ளும் பழக்கம் மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது. கை வலிக்கிறது, நிறுத்துகிறேன். அன்று நீ வந்தாய். இனி ஞாயிற்றுக்கிழமைகள் என் முறை, பேனையோடு நான் வருகிறேன்.