வாங்காத மீன்

சிலாவத்தை,
06.02.2024

தங்கை புனிதமலருக்கு, கடலை அதட்டி அடக்கிய ஆண்டவரின் அமைதி உண்டாவதாக.

உனக்குக் காது மந்தமானபின் எழுத்தே நமக்கு வாயாயிற்று. நீரிழிவினால் என் கால்விரற் புண் ஆறவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் கஜேந்தினி என்றோர் இளம் டாக்குத்தர், அக்கராயன் ஊர்ப் பிள்ளை, விரலை உடனே எடுக்க வேண்டும் என்கிறா. மகன் றொமேசின் வலையில் முதலிற் பட்ட விளைமீனைக் கொடுத்தேன். "வேண்டாம் ஐயா, கொண்டு போங்கோ" என்று விலகி நின்றா. என் கைப்பொருளைத் தொடாதவரிடம் உடம்பை எவ்வாறு ஒப்படைப்பேன்? நகரத்துத் தனியார் வைத்தியரோ நான் கொண்டுபோன வேறொரு மீனை மகிழ்ந்து வாங்கி, "வெட்டத் தேவையில்லை, குளிசை போதும்" என்றார். அவரிடமே போக எண்ணுகிறேன்.

நம் ஊருக்கு வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி ஐயா இருந்திருந்தால்! சைக்கிளை மணலிற் சாய்த்துவிட்டு, குசினிக் கதிரையில் அமர்ந்து, அம்மாவின் கூழைக் கிண்ணம்போற் கோலிய பிலாவிலையிற் குடித்தாரே. அந்தக் கைராசி இனி யாருக்கு வாய்க்கும்?

உன் தமையன்,
மரியநேசன்

மன்னார்,
13.02.2024

அன்புள்ள அண்ணை,

வாசித்துச் சிரித்தேன், பிறகு பயந்தேன். வேதத்தை வரி பிசகாமற் சொல்லும் உங்களுக்குக் குசினிக் கதை பாதிதான் தெரியும். அப்பாவின் காலில் திருக்கைமுள் ஏறியபோது நீங்கள் குருமடப் பள்ளியில். அம்மா கொண்டுபோன மீனை அப்போதிக்கரி ஐயா தொடவேயில்லை. "மீனில கண் போனா, புண்ணில போகாது. காயம் மாறட்டும், வந்து சாப்பிடுறன்" என்றார். அம்மா வழியெல்லாம் ஏசிக்கொண்டு வந்தா. மீனைத் திரும்பச் சுமந்தவள் நான். அப்பா எழுந்து நடந்தபிறகே கூழுக்கு வந்தார். விடுமுறையில் வந்த நீங்கள் கண்டது கூழை மட்டும்.

காலை யாரிடம் கொடுப்பது என்று மீனைக் கேளாதேயுங்கோ, அண்ணை.

செபத்துடன்,
மலர்

சிலாவத்தை,
25.03.2024

அன்புத் தங்கைக்கு,

விரல் போயிற்று, கால் நின்றது. இறைவனுக்குத் தோத்திரம்.

கத்தி வைக்குமுன், "பயமா ஐயா?" என்றா கஜேந்தினி. இல்லையென்றேன். "எனக்குக் கொஞ்சம் பயம். அதுதான் பெரிய டாக்குத்தரையும் கூப்பிட்டிருக்கிறன்" என்றா. அவ்வுண்மைச் சொல்லில்தான் என் நடுக்கம் அடங்கிற்று.

நேற்றுக் கட்டவிழ்த்தவா, "அந்த மீன் இன்னும் இருக்கோ?" என்று கேட்டா. "றொமேசின் பூனையை விசாரியுங்கோ" என்றேன். உயிர்ப்பு ஞாயிறு கூழுக்கு வாறா.

பழைய கதிரை இடப்பெயர்வோடு போயிற்று. வேறொன்றைத் துடைத்து வைத்திருக்கிறேன். பிலாவிலை கோலத்தான் இங்கு எவருக்கும் தெரியாது. முதல் பஸ்ஸில் வா.

உன் அண்ணன்,
நேசன்