மனேச்சர் செத்த கிழமை

கண்டாவளை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் யதுர்ஷிகாவுக்கு,

அம்மாவின் முழங்காலையும் என் வாயையும் தவிர இந்த வீட்டில் வேறு வருத்தம் இல்லை, இருவரும் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகன் சிவகரனும் அந்த நோர்வேக் குளிருக்குள் சுகமாக இருக்க எங்கள் பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும். நாள்தோறும் போனில் கதைக்கிற அப்பாவுக்குக் கடிதம் எழுத என்ன வந்தது என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார், இது அவர் காதில் விழக்கூடாத கதை. அங்கிருந்து லீவுக்குப் பளைக்கு வந்த நிரஞ்சன் புதன்கிழமை திரும்பிப் போகிறான், அவனிடம் இந்தக் கடிதத்தையும் ஒடியல் மாவையும் மிளகாய்த்தூளையும் கொடுத்து விடுகிறேன். நல்ல பிள்ளைதான், என்றாலும் உறையில் மூன்று இடத்தில் ஸ்டேப்ளர் அடித்திருக்கிறேன், ஓட்டை கூடுதலாகக் கிடந்தால் எனக்கு அறிவி. மிளகாய்த்தூளையும் ஒருக்கால் நிறுத்துப் பார்.

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன்னுடைய மனேச்சர் போய்விட்டார். போன் கமெரா பழுது, அவரைக் காட்ட முடியவில்லை என்று நான் உனக்குச் சொன்னதெல்லாம் பொய், கமெரா நன்றாகத்தான் இருக்கிறது. நெல் வெட்டு மெசின் வரம்பைக் கிளறிய அன்று கண் திறக்காத குஞ்சாக நீ தொப்பிக்குள் போட்டுக்கொண்டு வந்து, பஞ்சில் பால் தோய்த்துக் கொடுத்து வளர்த்த எலி. நெல் மூட்டைக்கு மேல் குந்தியிருந்து வருகிறவர் போகிறவரைப் பார்க்கும் பார்வைக்கு நீதான் அந்தப் பெயரை வைத்தாய். நீ கலியாணம் கட்டிப் போன பிறகு, ஊர் முழுவதும் எலிக்கு மருந்து வைக்க நான் ஒருவன் எலிக்கு மெத்தை தைத்தேன். உரம் எடுக்கப் போனாலும் மனுசர் என் சுகத்தைக் கேட்பதில்லை, “மனேச்சர் எப்பிடி?” என்றுதான் கேட்பார்கள். தைப்பூசம் கழிந்து இரண்டொரு நாளில் ஒரு காலை அம்மா வந்து என்னைத் தட்டி, “இஞ்சேருங்கோ, மனேச்சர் எழும்பேல்லை” என்றார். பிள்ளை, என் சந்தேகம் அந்த இடத்திலேயே முளைத்துவிட்டது. இத்தனை காலமும் அம்மா அதை ‘அந்தச் சனியன்’ என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதை நீ கேட்டிருக்கிறாயா? செத்த பிறகு எங்கிருந்து வந்தது இந்த மரியாதை?

அதற்குள் அவர் தலையணை உறையொன்றைக் கிழித்து மனேச்சரைச் சுற்றியும் வைத்துவிட்டார். ஒருக்கால் முகத்தைப் பார்ப்போம் என்றேன், “வேண்டாம், கெதியாக் கிடங்கை வெட்டுங்கோ” என்றார். கொய்யா மரத்தடியில் நான் கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கிடங்கு வெட்ட, அவர் ஒரு சொட்டுக் கண்ணீரும் விடவில்லை. புதைத்த கையோடு வீடு முழுவதையும் கழுவினார், கூட்டைக் கழுவினார், தானும் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டு வந்தார். தொலைக்காட்சியில் பொலிஸ் நாடகம் பார்க்கிறவன் நான், தடயத்தை அழிக்கிறவர்கள் வேறென்ன செய்வார்கள் சொல்லு. ஆனாலும் கட்டின பெண்சாதியில் முதல் ஆளாகச் சந்தேகப்படுவது முறையில்லை என்று பக்கத்து வயல் யோகலிங்கத்திடம் போனேன். அவன் கருவாட்டுத் தூளில் மருந்து குழைத்து வரம்பெல்லாம் வைக்கிறவன். மெல்லமாகத்தான் கேட்டேன். அவன் வாய்க்காலுக்குள் விழுகிற மாதிரிச் சிரித்து, “அண்ணை, நான் வைச்சது வயல் எலிக்கு. உங்கட ஆள் மெத்தையில படுக்கிறவர், சேத்துக்குள்ள இறங்கி வருவாரோ?” என்றான். ஞாயம் இருந்தது. பிறகு மாட்டுக்கு ஊசி போட வந்த மிருக வைத்தியரைப் பிடித்தேன். வயதைக் கேட்டுவிட்டு, “ஐயா, எலிக்கு அது நல்லாக் கிழடு தட்டின வயது, பல்லு விழுந்திருக்கும், நித்திரையில போயிருக்கும்” என்றார். அவர் படித்த ஆள்தான், ஆனால் மாட்டையல்லவோ பார்க்கிறவர், எலியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு அம்மாவைக் கவனிக்கிறதே எனக்கு வேலையாகப் போனது. முல்லைத்தீவுப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் இன்சாப் வாசலில் நின்று ஹோர்ன் அடிக்க, அம்மா குசினி யன்னலால் எட்டிப் பார்த்து, “இந்தக் கிழமை வேண்டாம் தம்பி” என்று அனுப்பிவிட்டார். ஏன் என்று கேட்டேன், கீரையை ஆயத் தொடங்கினார். மூன்று வேளையும் சோறும் பருப்பும் கீரையும். குற்றம் செய்த மனதுக்கு மீன் மச்சம் இறங்காது என்று எனக்குள்ளே முடிவு கட்டினேன். தொலைக்காட்சியையும் போடவில்லை, உன்னோடு கதைக்கும்போதுகூட மனேச்சர் பேச்சை எடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக வெள்ளிக்கிழமை வந்தது. மழை பெய்தாலும் வெள்ளம் போட்டாலும் பிள்ளையார் கோயிலுக்குப் போகாமல் விடாத மனுசி அன்றைக்குப் போகவில்லை. கேட்டதற்கு “போகேலாது” என்றார், அவ்வளவுதான். பிள்ளையாருடைய வாகனத்தையே கொன்றவர் எந்த முகத்தோடு அவர் முன்னால் போய் நிற்பார்? அன்று பின்னேரமே கொட்டிலில் கிடந்த பழைய எலிமருந்துப் பைக்கற்றைத் தேடிப் பிடித்தேன். பிரிக்காமல்தான் கிடந்தது, வேறொன்று வாங்கியிருக்கலாம் என்று அதையும் யூரியாப் பைக்குள் ஒளித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, தேத்தண்ணி தந்தால் அவர் முதல் மிடறு குடிக்குமட்டும் ஊதிக்கொண்டே இருந்தேன். உன் அப்பாவைப் போல ஒரு மோடனை இந்தக் குளத்துக்குக் கீழே எங்கும் தேடிப் பிடிக்க முடியாது.

இப்படியிருக்க அடுத்த கிழமை ஒரு நாள் வயலால் வருகிறேன், படலை வரைக்கும் பொரியல் வாசம். உள்ளே பார்த்தால் நெத்தலிக் கருவாட்டுப் பொரியல், தட்டை வடை, வறுத்த கச்சான் கடலை, பாலில் ஊறப்போட்ட மாரி பிஸ்கட், குத்தரிசிச் சோறு, தேங்காய்ச் சொட்டு. கிழமை முழுக்கக் கீரை தின்ற வீட்டில் திடீரென்று கலியாண வீடு. கொன்றதும் போதாதென்று கொண்டாட்டமும் வைக்கிறாரோ என்று எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பேசாமல் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அம்மா வாழையிலை நறுக்கில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்து கொய்யா மரத்தடிக்குப் போய் வைத்தார். ஒரு சிறு விளக்கையும் கொளுத்தினார். இலையில் இருந்த ஒவ்வொன்றும் மனேச்சர் உயிரை விட்டுத் தின்கிற சாமான் என்பது அப்போதுதான் இந்த மண்டைக்குள் ஏறியது. நாளை எண்ணிப் பார்த்தேன். எட்டாம் நாள். பிள்ளை, செத்த ஆளுக்குப் பிடித்ததெல்லாம் படைக்கிற எட்டுச்செலவை அம்மா மனேச்சருக்குச் செய்திருக்கிறார். மீன் எடுக்காதது, வீடு கழுவியது, கோயிலுக்குப் போகாதது எல்லாம் தீட்டுத் துடக்குக் காத்தது. செத்த வீட்டில் நடக்கிற ஒவ்வொன்றையும் என் வீட்டிலேயே வரிசையாகப் பார்த்துவிட்டு நான் கொலைக் கேஸ் எழுதிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

பக்கத்தில் போய் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார், “விடியப்புறம் என்ர கையிலதான் மூச்சு நிண்டது. உங்களை எழுப்பேல்லை, குளறி ஊரைக் கூட்டுவியள் எண்டு.” உன் மாமாவை நினைத்துக்கொண்டார் போல, பிறகு சொன்னார், “கடைசிச் சண்டையில மாத்தளனில செத்த தம்பிக்கு ஒண்டும் செய்யக் கிடைக்கேல்லை. ஓடின ஓட்டத்தில எது எட்டு எண்டே தெரியாமப் போச்சு. இது வீட்டில கிடந்து, என்ர கைக்குள்ள செத்தது. இதுக்காவது செய்ய விடுங்கோ. ஆருக்கும் சொல்லாதேங்கோ, சிரிப்பினம்.” உள்ளே வந்து இருந்தோம், சோறு போட்டார். நான் சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி இருக்க, கருவாட்டை அள்ளி வைத்துக்கொண்டே, “பயப்பிடாமச் சாப்பிடுங்கோ, ஒண்டும் கலக்கேல்லை. அந்த மருந்துப் பைக்கற்றையும் யூரியாவுக்குள்ள இருந்து எடுங்கோ, பசளை வீசேக்க கையில படப்போகுது” என்றார். எல்லாம் தெரிந்திருக்கிறது. இத்தனை நாளும் நான் தேத்தண்ணியை ஊதுவதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் முதல் மிடறு குடித்திருக்கிறார். இரண்டாம் தரமும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன், வேறென்ன செய்ய. அதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவர் கொஞ்ச நேரத்தில் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நானும் பக்கத்தில் இருந்து அழுதேன், அது எலிக்கான அழுகை இல்லை என்று இருவருக்கும் தெரியும்.

இனி நான் உன்னிடம் கேட்க வந்த விசயம். இடம்பெயர்வில் எங்களிடம் இருந்த படமெல்லாம் போய்விட்டது. ஜெர்மனியில் இருக்கிற ஜெயரூபிப் பெரியம்மாவிடம், மாமா வெள்ளைச் சேட்டோடு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் ஒன்று இருந்தது. அதைக் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பு, கிளிநொச்சியில் பெரிதாக்கிச் சட்டம் போடுவிக்கிறேன். இத்தனை வருசம் கழித்து எட்டுச் செய்யலாமோ என்று ஐயரை விசாரித்தேன், எப்பவும் செய்யலாம் என்றார். மாமாவுக்குக் கணவாய்க் கறியும் அவித்த பனங்கிழங்கும் என்றால் உயிர், இன்சாப்பிடம் கணவாய்க்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அம்மாவுக்கு மட்டும் மூச்சு விடாதே. நான் எதையோ ஒளிக்கிறேன் என்று இப்போதே அலுமாரித் திறப்புக் கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டு திரிகிறார்.

படம் வந்துசேரும்வரை அம்மாவோடு மனேச்சரைப் பற்றிக் கதை, நீ அழுதால் அவரும் அழட்டும், மறிக்காதே. மருமகனுக்கு இருமல் என்றாய், மல்லித் தண்ணி வைத்துக் கொடு. ஐஸில் சறுக்காத சப்பாத்துப் போட்டு நட. இருவரும் குறைவில்லாமல் வாழப் பிள்ளையார் அருளட்டும், இப்போது அம்மா கோயிலுக்குப் போகத் தொடங்கிவிட்டார், உங்கள் பெயருக்கு அருச்சனை நடக்கும். படத்தை மறந்துவிடாதே.

அம்மாவின் சந்தேகப் பார்வைக்குள் இருந்து எழுதி முடிக்கும்,
உன் அப்பா
செல்வநாயகம்.