நீ டீயால் கிழித்த கோடு

மச்சான்,

இன்று காலை தருவைகுளம் டீக்கடையில் யாரோ சாய்த்துவிட்ட டீ, மேசையின் குறுக்கே கோடாக ஓடியது. உன் ஞாபகம் வந்தது. எனக்கு ஒரே சிரிப்பு.

நீ அப்படித்தான் விரலை டீயில் நனைத்துக் கோடு கிழிப்பாய். பக்கத்தில் உன் போனில் அந்தக் கப்பல் கம்பெனிப் பங்கின் படம். விலை இறங்கி இறங்கி, ஒரே இடத்தில் தட்டி மேலே ஏறியிருக்கும். "பாத்தியாலே, இதான் சப்போர்ட்டு. இதுக்குக் கீழ போவாது" என்பாய். சங்கு குளித்தவன் நான். காலை உந்தி மேலே எழும்புகிற கடலடிப் பாறை என்றே நினைத்தேன். வள்ளத்தை விற்று அதில் போட்டேன்.

ஒருநாள் நீ போனில் எதையோ வாசித்தாய். முகம் மாறியது.

"என்ன எழுதியிருக்கு மச்சான்?"

"கைநாட்டுக்கு எதுக்குலே சேதி? பிடிச்சிக்க, விட்டுறாத."

கம்பெனி நட்டத்தில் என்பதுதான் சேதி. நீ அன்றே உன் பங்கை விற்றுவிட்டதைக் கடைக்கார அண்ணாச்சி பிறகு சொன்னார். மறுநாள் விலை கோட்டை உடைத்துக்கொண்டு கீழே போனது. கடையே கேட்க, "பாறையாம்லே இவனுக்கு! முங்கித் தேடச் சொல்லு" என்று சிரித்தாய்.

அன்று எழுத்துப் படிக்க உட்கார்ந்தேன். உன் முன்னால் வாசித்துக் காட்டத்தான். நான் எழுத்துக்கூட்டும் முன்பே செத்துப்போனாய். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது நானே வாசிக்கிறேன், மச்சான்! பஸ் பலகை, பங்குச் செய்தி, எல்லாம். அந்தக் கோடு பாறை இல்லை. அங்கே வாங்கிய ஆட்களின் கூட்டம். உடைந்துவிட்டால், மாட்டிக்கொண்ட அத்தனை பேரும் போட்டது கிடைத்தால் போதும் என்று அதே விலைக்குக் காத்திருப்பார்கள். தரையாக இருந்தது கூரையாகிவிடும். நானும் காத்திருந்தவன்தானே.

போன மாதம் விலை மெல்ல ஏறி உன் கோட்டைத் தொட்டது. "இன்னும் ஏறும் மாமா" என்றாள் மருமகள். "முட்டும்" என்றேன். விற்றேன். அந்த வாரமே முட்டிச் சரிந்தது. ஆனால் அதே காசுக்கு இன்று பாதி வள்ளம்கூட வராது. அதை மறக்கமாட்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு வருவேன். மெழுகுவர்த்தியை உன் வீட்டார் ஏற்றட்டும். நான் இந்தக் கடிதத்தை எல்லோரும் கேட்க வாசிப்பேன். மெதுவாகத்தான் வாசிப்பேன். நீ எங்கே போகப்போகிறாய்?

சின்னதாகச் சில பங்குகள் இன்னும் வைத்திருக்கிறேன். விலை ஏறி ஒரு கோட்டை நெருங்கும்போதெல்லாம் உன் குரல் காதில் கேட்கிறது: "விட்டுறாதலே."

உடனே விற்றுவிடுகிறேன்.