மேலும் கீழுமாக

நேற்று பள்ளிக்கூடம் விட்ட நேரம். வாசலில் வண்டிக்காரர் சூடான மணலில் கப்பலண்டி வறுத்துக்கொண்டிருந்தார். நம் வீட்டுத் தமிழில் கடலை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. உன்னைத் திட்ட வேண்டும் போல இருந்தது. கடலையைத் தின்ன வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈர்க்குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்துப் பழக வாங்கியவள் இந்த மட்டாஞ்சேரியிலேயே நீ ஒருத்திதான்.

பன்னிரண்டு பிள்ளைகளைச் சீனாவுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று முடிவானதும் உனக்குத் தலைகால் புரியவில்லை. பூகோளம் நடத்துகிறவள், அதுவரை கோயம்புத்தூரைத் தாண்டியதில்லை. துணைக்குக் கணக்கு டீச்சரான என் பெயரையும் கேட்காமலே எழுதிக் கொடுத்துவிட்டாய். பிள்ளைகள் முன்னால் நாம் 'டீச்சரே', தனியாக இருந்தால் 'வாடீ, போடீ'. அவ்வளவு பெரிய ஆசிரியர் அறையில் தமிழில் சண்டை போட நமக்கு வேறு யார் இருந்தார்கள்?

குச்சியால் சாப்பிடப் பழக்க நீ துடைப்பத்து ஈர்க்கைக் கொண்டுவந்தபோது நான் முகம் சுளித்தேன். புதுத் துடைப்பம்தான் என்று சத்தியம் செய்தாய். ஈர்க்கு வளைந்தது; கடலை உருண்டு உன் வகுப்பறை மூலைமுடுக்கெல்லாம் ஓடியது. ஒரு மாதம் கழித்தும் பெருக்குகிற சேச்சி நம்மைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தாள். அங்கே எப்படிப் பரிசு கொடுப்பது, எப்படிச் செருப்பைக் கழற்றுவது, எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தோம். கழுத்துக்கு மேல் இருக்கும் தலையை மட்டும் மறந்துவிட்டோம்.

அந்த முதல் வீடியோ அழைப்பு நினைவிருக்கிறதா? யாரும் கூச்சல் போடக் கூடாது என்று நான் மிரட்டி வைத்திருந்தேன். அந்தச் சீனப் பள்ளியின் ஆசிரியை, சின்னப் பெண், திக்கித் திக்கி ஆங்கிலத்தில் கேட்டாள்: எங்கள் வீடுகளில் தங்க உங்கள் பிள்ளைகளுக்குச் சம்மதமா? பன்னிரண்டு பேரும் சத்தமில்லாமல், வாயெல்லாம் பல்லாகத் தலையை இடமும் வலமுமாகச் சாய்த்து ஆட்டினார்கள். முன்வரிசையில் நீயும் நானும் ஆட்டினோம், தஞ்சாவூர்ப் பொம்மைகள் மாதிரி. அவள் முகம் ஏன் வாடியது என்று நமக்குப் புரியவே இல்லை.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. பிள்ளைகளின் தயக்கத்தை மதிக்கிறோம், எல்லோரையும் விடுதியில் தங்க வைக்கிறோம் என்று. எனக்குக் கோபம் பொங்கியது. நம் பிள்ளைகளை வீட்டுக்குள் சேர்க்க மனமில்லை, அதற்கு ஒரு சாக்கு என்று கத்தினேன். நீ கணினியில் அந்த அழைப்பின் பதிவை ஓடவிட்டாய். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாய்.

"நாமதான்டி முடியாதுன்னு சொல்லியிருக்கோம். அவா கண்ணால பாரு, நம்ம ஆமாம் எப்படி இருக்குன்னு."

பார்த்தேன். பதினான்கு தலைகள், ஒரே குரலில் மாட்டேன் என்றன.

விடுதியில் தங்க எதற்குச் சீனா, பக்கத்திலிருக்கும் ஏலூருக்குப் போனால் போதாதா என்று நீ கொதித்தாய். ஒரு வீட்டுச் சமையலறையில் அவர்கள் உட்கார வேண்டும், அதற்காகத்தான் இத்தனை பாடு என்றாய். ஒரு வாரம் பள்ளி முழுக்க மேலும் கீழுமாகத் தலையசைக்கும் பயிற்சி. பன்னிரண்டு பேரில் ஒருத்தியான ரம்லத்தின் உம்மா பள்ளுருத்தியிலிருந்து தேடி வந்து, மோள் வீட்டில் கோழி கொத்துகிற மாதிரி கொத்துகிறாள், டாக்டரிடம் காட்டணுமா என்று கேட்டுப் போனார். இரண்டாவது அழைப்பில் பன்னிரண்டு தலைகளும் ஒழுங்காக மேலே போய்க் கீழே வந்தன. அந்தச் சின்னப் பெண் கைதட்டினாள். அன்று நீ அழுதாய். சாக்பீஸ் தூசி என்று சொன்னாய்.

இருமலுக்கும் அதே தூசியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாய், பாவி. தொண்டையில் கட்டி என்று தெரிந்தபோது பயணத்துக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. அறுத்துவிட்டுக் குழாய் வைத்தார்கள். பேச்சு போயிற்று.

நான் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் விசா நம் இரண்டு பேருக்குத்தான் இருந்தது. நானும் நின்றால் பயணமே நின்றுவிடும். கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் உன் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

"நீ இப்படிக் கிடக்கறச்சே நான் போகட்டுமாடி? கழுத்த அசைக்காதே. சரின்னா விரலத் தூக்கு, போதும்."

நீ விரலைத் தூக்கவில்லை. என் பேச்சை என்றைக்குக் கேட்டிருக்கிறாய்? அந்தக் கட்டுப்போட்ட கழுத்தோடு, தலையை மேலே கொண்டுபோய்க் கீழே கொண்டுவந்தாய். இரண்டு முறை. வலியில் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. எனக்குச் சந்தேகம் வரக் கூடாது என்றுதான் செய்தாய், தெரியும்.

அங்கே போன நான்காம் நாள் செய்தி வந்தது. அந்தச் சின்னப் பெண்ணின் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ரம்லத், அந்த ஆசிரியையின் அம்மா வைத்த கடலையைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றுகூடக் கீழே விழவில்லை. உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்க என்னால் வர முடியவில்லை.

சாகக் கிடந்தவளை விட்டுவிட்டுச் சீனா பார்க்கப் போனவள் என்று உன் அக்கா ஊரெல்லாம் சொன்னாள். என்னிடம் முகம் கொடுத்துப் பேசி இரண்டு வருடமாகிறது. எனக்கே ராத்திரி பகல், போயிருக்கலாமா என்ற கேள்விதான். இப்போது இரண்டாவது குழுவைக் கூட்டிப்போகச் சொல்லித் தலைமையாசிரியை கேட்கிறார். அக்காவைப் பார்க்காமல் பதில் சொல்ல மனம் வரவில்லை.

அதனால் நேற்று ஒரு பொட்டலம் கப்பலண்டி வாங்கிக்கொண்டு சுள்ளிக்கல்லில் உன் வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். பொட்டலத்தை வைத்தேன். அதைப் பிரிக்காமலே கேட்டாள்.

"சத்தியமாச் சொல்லு. அவளா போகச் சொன்னா?"

நீ செய்தது போலவே செய்தேன். மேலே, கீழே. இரண்டு முறை.

அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கடைசி நாள்களில் நீ அவளிடமும் இப்படித்தான் தலையசைத்தாயாம். வலிக்கும், வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கவில்லையாம். எதற்கு இந்தப் பிடிவாதம் என்று அப்போது அவளுக்குப் புரியவில்லையாம். பிள்ளைகளின் கதையை நான் முதலிலிருந்து சொன்னேன். கோழி கொத்துகிற இடத்தில் அவள் சிரித்தாள்; சிரிப்பு நிற்காமல் அழுகையாயிற்று. நானும் அழுதேன்.

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாயா போடட்டா?" என்றாள்.

என் தலை தானாக இடமும் வலமுமாக ஆடியது. அக்கா எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.