பழைய பெட்டிக்குள் ஒரு புது கம்ப்யூட்டர்

குக்கர் விசிலை எண்ணச் சொன்னால் இரண்டோடு மறந்துவிடும் என் மகேசுக்கு,

உனக்குக் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டேன். நீ கேட்டு மூன்று வருஷம் ஆகிறது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது.

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். காலையில் துறைமுகத்துக்குப் போகிறேன், கிரேன் மேல் ஏறுகிறேன், கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து எந்த ஒயர் போயிருக்கிறது என்று பார்க்கிறேன். கீழே இறங்கி யார் என்ன கேட்டாலும் பதில் சொல்கிறேன். அழுகை மட்டும் வரவில்லை. ஐந்து நாள் காய்ச்சலில் ஒரு ஆள் போய்விட முடியும் என்பதே இன்னும் எனக்குள் ஏறவில்லை போலிருக்கிறது. உடன்குடியிலிருந்து காரியத்துக்கு வந்த உன் அம்மா திரும்பிப் போகவில்லை. "மாப்ளைய தனியா விட்டுட்டு நான் அங்கன போயி என்ன செய்ய" என்று இங்கேயே இருந்துவிட்டார்கள்.

போன மாதம் மில்லர்புரம் ஸ்டுடியோ செல்வம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். அவர் எடுக்கும் கல்யாணப் போட்டோக்களையெல்லாம் நீதானே முன்னறையில் உட்கார்ந்து ஆல்பமாக்கிக் கொடுப்பாய். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"தம்பி, கேக்கவே சங்கடமா இருக்கு. மகேசு கடைசியா ஒரு ஆல்பம் பண்ணிக்கிட்டு இருந்தால்லா? அந்த மாப்ள கப்பல்ல வேல பாக்கான். இன்னும் மூணு வாரத்துல ஏறிருவான். அதுக்குள்ள ஆல்பத்தப் பாக்கணுங்கான்."

"எவ்வளவு முடிச்சிருக்கா?"

"நாப்பது ஷீட்டு. முப்பது முடிஞ்சிட்டுன்னு சொன்னா. உங்களுக்குச் செரமம்னா விடுங்க, திருநெல்வேலில ஒரு ஆள்ட்ட குடுத்து மொதல்லேருந்து போட்டுருதேன். அடுத்தவங்க பாதி செஞ்சதுல யாரும் கைய வைக்க மாட்டாங்க."

மொதல்லேருந்து. அப்படியென்றால் உன்னுடைய முப்பது ஷீட்டும் இல்லாமல் போய்விடும். நீ கடைசியாகச் செய்த வேலை அது. "நானே பாக்குதேன் அண்ணே" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், எதை வைத்துப் பார்ப்பது என்று யோசித்தேன்.

உன் பழைய கம்ப்யூட்டரை ஏழு மாதம் கழித்து ஆன் செய்தேன். ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று அடித்தது. முதல் ஷீட் திறக்க ஆறு நிமிஷம். இரண்டாவது திறந்தது. மூன்றாவதில் எல்லாமே நின்றுபோனது. பயந்துபோய் ஃபைல்களையெல்லாம் முதலில் ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்தேன்.  

இதில்தான் நீ வேலை செய்தாயா, மகேசு? இரண்டு வருஷம்?

நீ கேட்டபோதெல்லாம் நான் சொன்ன பதில் உனக்கு ஞாபகம் இருக்கும். "அடுத்த ஜெனரேஷன் புராசஸர் வரப்போவுது, கொஞ்சம் பொறு." அது வந்ததும், "இதுக்கு மதர்போர்டு இன்னும் சரியா வரல." எக்ஸெல் ஷீட் போட்டு, எது எதோடு பொருந்தும் என்று நிறம் நிறமாகக் குறித்து வைத்தேன். உன் தோளுக்குப் பின்னால் நின்று உனக்கு அதைக் காட்டவும் செய்தேன். நீ சிரித்தாய். "நீங்க தேடி முடிக்கிறதுக்குள்ள நான் கெழவியாயிருவேன்" என்றாய்.

நீ கிழவி ஆகவே இல்லையே.

பஜாருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அண்ணாச்சி கொட்டேஷன் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு எல்லாரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"யாருக்கு தம்பி? என்ன வேலைக்கு?"

"வீட்டுல உள்ளவளுக்கு. ஆல்பம் டிசைன்."

"அப்ப அவங்களயும் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா. ஸ்கிரீன் அவங்க கண்ணால பாத்து எடுக்கணும்."

"வர முடியாது அண்ணாச்சி."

"ஒடம்பு சரியில்லையோ?"

"ஆமா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. அந்தக் கடையில் பத்து நிமிஷம் நீ வீட்டில் படுத்திருக்கும் ஒருத்தியாக இருந்தாய். எனக்கு அது போதுமாக இருந்தது.

என் எக்ஸெல் ஷீட்டை நான் எடுக்கவே இல்லை. நீ சொன்னவை ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. "சேல ஸ்கிரீன்ல மாம்பழ கலரு, பிரிண்ட்ல மஞ்சக்கிழங்கு. பொண்ணு வீட்டுக்காரங்க என்னயத்தான் ஏசுதாங்க." நிறத்தைச் சரியாகக் காட்டும் மானிட்டர் கேட்டேன். "இந்த ஃபேன் போடுத சத்தத்துல குக்கரு எத்தன விசில் அடிச்சின்னே தெரிய மாட்டேங்கு." சத்தமில்லாத கூலர், நல்ல பவர் சப்ளை. "ஒரு ஷீட்ட சேவ் பண்ணுததுக்குள்ள ஒரு படி உளுந்து பொடச்சிருதேன்." வேகமான எஸ்எஸ்டி டிஸ்க். "ரெண்டு ஷீட்ட பக்கத்துல பக்கத்துல வச்சிப் பாக்கணும், ஒன்னத் தொறந்தா இன்னொன்னு செத்துப்போவுது." முப்பத்திரண்டு ஜிபி ரேம்.

நீ சொன்னதெல்லாம் எந்த மாதிரி கம்ப்யூட்டர் வேண்டும் என்ற ஸ்பெசிஃபிகேஷன்தான். நீ குறை சொல்கிறாய் என்று நினைத்தே நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் சொன்னேன். அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்தார்கள்.

"மாப்ள, வருசம் திரும்புததுக்கு முந்தி வீட்டுக்குள்ள புதுச்சாமான் ஏறக்கூடாதுல்லா. பொங்கலுக்கு ஒரு பான கூட நான் வாங்கலியே."

அத்தையை எதிர்த்து எனக்குப் பேச வராது. உனக்குத் தெரியும். மறுநாள் கடைக்குப் போய், வேண்டாம் அண்ணாச்சி, இன்னும் அஞ்சு மாசம் ஆகும் என்றேன். அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "அஞ்சு மாசத்துல என்னவாம்?" என்றார்.

"வருசம் திரும்பணும்."

அவர் என்னைப் பார்த்தார். நேற்று நான் சொன்னதும் இன்று சொல்வதும் அவருக்குள் ஒன்றுசேர்வது தெரிந்தது. கொட்டேஷன் புத்தகத்தை மூடினார். டீ சொல்லிவிட்டார். டீ வரும்வரை இரண்டு பேரும் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எங்க வீட்லயும் அப்படித்தான் தம்பி, விட மாட்டாங்க" என்றார். "ஒன்னு செய்யுங்க. பழைய பெட்டியத் தூக்கிட்டு வாங்க. கேபினெட் அதே கேபினெட். உள்ள உள்ளத மாத்தித் தாரேன். ரிப்பேருக்குப் போயிட்டு வந்துச்சின்னு சொல்லுங்க."

"பொய் சொல்லச் சொல்லுதியளா அண்ணாச்சி?"

"கெட்டுப்போனத மாத்துனா அதுக்குப் பேரு ரிப்பேருதான? உங்க பெட்டில எல்லாமே கெட்டுப்போச்சி, நான் என்ன செய்ய."

"மானிட்டரு?"

"இங்கன பாருங்க, எட்டு மாசமா கடைல எரியுது. இதப் போயி புதுசுன்னு எவன் சொல்லுவான்?"

அந்த ஏழு மாதத்தில் நான் சிரித்தது அங்கேதான்.

கேபினெட்டை நானே கழற்றினேன், நானே புதுப் பாகங்களை மாட்டினேன். அண்ணாச்சி ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். சரஸ்வதி பூஜைக்கு நீ வைத்த சந்தனமும் குங்குமமும் முன்பக்கத்தில் காய்ந்து ஒட்டியிருந்தன. அதில் விரல் படாமல் பிடித்தேன்.

வீட்டில் கொண்டுவந்து வைத்ததும் அத்தை சுற்றி வந்து பார்த்தார்கள்.

"பெட்டி நம்ம பெட்டிதான். டீவி மட்டும் பெருசா இருக்கு?"

"கடைல கெடந்த பழசு அத்த."

ஆன் செய்தேன். அத்தை குனிந்து காதை வைத்துக் கேட்டார்கள்.

"சத்தமே இல்லியே. ரிப்பேரு பாத்தா இப்படி ஆயிருமா?"

"ஆயிரும் அத்த."

நிமிர்ந்தார்கள். பிறகு, கோபமே இல்லாமல், அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்கள்: "அவ இருக்கும்போதே ரிப்பேரு பாத்துருக்கலாம்லா மாப்ள."

"ஆமா அத்த" என்றேன்.  அன்றைக்குத்தான் அழுகை வந்தது. அத்தை அடுப்படிக்குப் போய்விட்டார்கள், நான் அழுவதைப் பார்க்காத மாதிரி.

முப்பது ஷீட்டும் ஒன்றின்பின் ஒன்றாகத் திறந்தது, மகேசு. ஒரு ஷீட்டுக்கு நான்கு விநாடி. ஓரங்களில் நீ போட்ட கொடிகளை அத்தை உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். "இது மார்கழிக்கு அவ போடுத கோலம்லா." நான் உன் பின்னால் நின்று எத்தனை முறை அந்த ஸ்கிரீனைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது தெரியாது.

மிச்சப் பத்து ஷீட்டை நான் செய்து பார்த்தேன். ரிசப்ஷன், பந்தி, வழியனுப்பு. ஒவ்வொரு படமும் சரியான அளவில், சரியான இடைவெளியில். செல்வம் அண்ணன் வந்து பார்த்துவிட்டு மோவாயைத் தடவினார்.

"தம்பி, தப்பா நெனைக்காதீய. இது கல்யாண ஆல்பம் மாதிரி இல்ல. கண்டெய்னர் அடுக்குத யார்டு மாதிரி இருக்கு."

அவர் சொன்னது உண்மை. அத்தனையையும் அழித்தேன்.

பொண்ணும் மாப்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கே வந்தார்கள், செல்வம் அண்ணனோடு. அந்தப் பொண்ணு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து முப்பதையும் பார்த்தது. மாங்கல்யம் கட்டும் ஷீட்டில் ரொம்ப நேரம் நின்றது. சேலை மாம்பழ நிறத்திலேயே இருந்தது. பத்து ஷீட் குறைகிறது, வேண்டுமானால் வேறு ஆளிடம் சொல்லி முழுசாகப் போடலாம் என்று நானே சொன்னேன். 

"வேண்டாம்ணே. அக்கா செஞ்சவரைக்கும் இருக்கட்டும்" என்றது அந்தப் பொண்ணு.

"நான் பந்தில உக்காந்து வெட்டுன போட்டோ எல்லாம் அந்தப் பத்துலதான் இருந்துருக்கும். தப்பிச்சேன்" என்றான் மாப்பிள்ளை. அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகு அந்தப் பொண்ணு கேட்டது, "அக்கா பேரு இதுல எங்கயும் இல்லியே?"

ஸ்டுடியோ பேர்தான் போடுவது வழக்கம் என்றேன். செல்வம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டே, "போடுங்க தம்பி. என் பேருக்கு மேலயே போடுங்க" என்றார்.

உன் பேரை நான் கடைசியாக எழுதிக் கொடுத்தது கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு. தோற்றம் என்ன, மறைவு என்ன என்று பிரஸ்காரர் கேட்டார். இரண்டு தேதியும் எழுதினேன். இந்த முறை முப்பதாவது ஷீட்டின் ஓரத்தில் 'டிசைன்: மகேஸ்வரி' என்று அடித்தேன். கூடவே எந்தத் தேதியும் எழுத வேண்டியிருக்கவில்லை.

ஆல்பம் முப்பது ஷீட்டோடு அச்சுக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டரில் மிச்சப் பத்து ஷீட்டும் நீ விட்ட இடத்தில் வெறுமையாக இருக்கின்றன. அவற்றை நான் இனித் தொட மாட்டேன். வேறு யாரையும் தொட விடவும் மாட்டேன். இந்த டிஸ்க் பழசாகும் முன்பே உன் ஃபைல்களை இன்னொன்றுக்கு மாற்றுவேன், அதுவும் பழசாகும் முன்பு இன்னொன்றுக்கு. நல்லது வரட்டும் என்று காத்திருக்க மாட்டேன், மகேசு. சத்தியமாக.

உன் அம்மாவோடு இங்கேயே இருக்கும்,
உன் வீட்டுக்காரன்.