மேசைமேல் இரண்டு நட்சத்திர மண்டலங்கள்

ஏப்ரல் 2, 1971

போயா விடுமுறை. பள்ளிக்கூடம் இல்லை. காலையிலேயே புழுக்கம். முன்னறை ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. ஸ்டூடியோ சோமபால லைட் மீட்டரும் கமராவுமாக வந்தார். வாங்க வேண்டியவை: டோர்ச் பல்பு, பற்றரி, மனைவி பரீதாவுக்கு இஞ்சி.

மேசையில் பல்புகளால் இரண்டு வட்டம், ஒன்று சின்னது. ஒவ்வொன்றும் ஒரு நட்சத்திர மண்டலம். பழைய சஞ்சிகையில் படித்த வழி. தூரத்தோடு வெளிச்சம் குறைகிற அதே கணக்கில்தான் ஈர்ப்பும் குறைகிறது. ஆகவே ஒரு பல்பு இருக்கும் இடத்தில் மீட்டர் காட்டும் வெளிச்சமே அங்குள்ள இழுப்பு. அளந்து, எல்லாவற்றையும் அதற்கேற்ப நகர்த்தியதும் சோமபால ஸ்டூலில் ஏறி ஒரு படம் எடுப்பார். ஒரு நகர்த்தல் அங்கே பல கோடி வருடம். இங்கே அரை நாள்.

பரீதா: "பகல்ல ஊட்ட இருட்டாக்கிட்டு ரெண்டு ஆம்பிளைங்க பல்பு நகர்த்துறீங்க. பக்கத்தூட்டு சாச்சி சூனியமாண்டு கேக்குறா."

ஏப்ரல் 4

மூன்றாம் நகர்த்தல். இரண்டும் ஒன்றையொன்று கடந்து, வந்த உருவத்திலேயே போய்விடும் என்றிருந்தேன். இல்லை. வட்டம் கிழிந்து வால் நீண்டுவிட்டது. சின்னது வேகம் இழந்து நிற்கிறது.

"மாஸ்டர், இது போகாது. திரும்பி அதுக்குள்ளயே விழப் போகுது." சோமபாலவின் குரலே மாறியிருந்தது.

மறுபடி அளந்தோம். அதே. அப்படியென்றால் ஒன்றை ஒன்று தின்றுதான் வளர்கின்றனவா? சோமபால படங்களைக் கழுவக் கொண்டுபோனார்.

ஏப்ரல் 6

ஊரடங்கு. பொலிஸ் நிலையங்களை இளைஞர்கள் தாக்கியதாக ரேடியோ. பால்மா இல்லை.

சோமபாலவின் மனைவி பின்வாசலால் ஓடிவந்தார். நேற்று பொலிஸ் ஸ்டூடியோவுக்கு வந்ததாம். உலரத் தொங்கிய படங்களில் புள்ளி புள்ளியாகப் பார்த்து, எந்த ஊர் வரைபடம், எந்தப் புள்ளியில் ஆயுதம் என்று கேட்டு இழுத்துப்போனார்களாம்.

என் பல்புகள்.

ஏப்ரல் 7

ஊரடங்கு கொஞ்ச நேரம் தளர்வு. பல்பு, கம்பி, பற்றரி எல்லாம் கழற்றிப் பையில் போட்டேன்.

"போனா ஒங்களயும் உள்ள போடுவாங்க," என்றாள் பரீதா. அழுதாள். பிறகு அவளே கறுப்புத் துணியை மடித்துப் பையில் வைத்தாள். "இருட்டில்லாம எப்பிடிக் காட்டுவீங்க?"

பொலிஸ் நிலையத்தில், அந்தப் புள்ளிகள் என் பல்புகள் என்றேன். இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் பேசினார். அந்த ஆள் நீதானா என்றார். யார் இதைச் செய்யச் சொன்னது என்று சோமபாலவிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்களாம். அடித்தும் வாய் திறக்கவில்லையாம்.

ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் பேர். சொல்லியிருந்தால் அப்போதே முடிந்திருக்குமே!

இன்ஸ்பெக்டரின் மேசையிலேயே பல்புகளை ஏற்றிக் காட்டினேன். கொட்டாவி விட்டார். நாளை விடுவார்களாம். சோமபாலவைப் பார்க்க விடவில்லை.

ஏப்ரல் 8

விட்டுவிட்டார்கள். வீட்டில் போய்ப் பார்த்தேன். இடது கண் திறக்கவில்லை. வலது கை விரல்களில் கட்டு. கமராவைப் பிடிக்கும் கை.

"என் பேர ஏன் சொல்லல்ல?"

"சொன்னா ஒங்க ஊட்டுக்கு வருவாங்க மாஸ்டர். மேசையக் கலைச்சிப் போடுவாங்க. மூணு தரம் நகர்த்தினது வீணாப் போகும்." வீங்கிய வாயால் சிரிக்கப் பார்த்தார். "கை ஆறட்டும். நாலாவது எடுப்போம்."

தலையாட்டினேன். மேசை வெறுமையாகக் கிடப்பதைச் சொல்லவில்லை.